வாத்தியாருக்கும் உருப்படிக் கூலியா?



கரும்பு வெட்டப் போகிறவனுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. விசைத்தறியில் மீட்டருக்கு இவ்வளவு. நூல் மில்லில் சில இலாகாக்களில் இறக்கிக் கொடுத்த நூலுக்கு இவ்வளவு. இந்தக் கூலிக்கு 'பீஸ் ரேட்' என்று பேர். தமிழில் உருப்படிக் கூலி. இதன் ருசி என்ன என்று மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டிப் போடுகிறவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கரும்பு காய்ந்து போனால் எடை குறையும், கூலியும் குறையும். மழை பிடித்துக்கொண்டு வண்டி வரவில்லையா? அன்றைக்குக் கூலியே இல்லை. மில்லில் மட்டமான பஞ்சு வந்தால் நூல் நிமிஷத்துக்கு ஒரு தரம் அறும். பஞ்சை வாங்கியவன் முதலாளி. அறுந்ததற்குக் கூலியை இழப்பவன் தொழிலாளி!

இந்தத் தராசைத் தூக்கிக்கொண்டு போய் இப்போது பள்ளிக்கூடத்து வாசலில் மாட்டப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் எவ்வளவு மார்க் வாங்குகிறார்களோ அதற்குத் தகுந்தபடி வாத்தியாருக்குச் சம்பளம் என்கிறார்கள். 'செயல்திறன் அடிப்படையில் ஊதியம்' என்று இதற்குச் சலவை செய்த பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இது யாரோ நாலு பேர் காபி குடித்துக்கொண்டு பேசிய பேச்சு அல்ல. மத்திய சர்க்காரின் ஏழாவது சம்பளக் கமிஷன் 2015-ல் கொடுத்த அறிக்கையில், எல்லா மத்திய சர்க்கார் சிப்பந்திகளுக்கும் செயல்திறனோடு சேர்த்துப் போனஸைக் கட்டும்படி சிபார்சு செய்தது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியரின் பணி நிரந்தரம், பதவி உயர்வு, சம்பளம் மூன்றையும் 'தகுதி' பார்த்து அமைக்கப் போவதாக எழுதி வைத்திருக்கிறது. மார்க்கைப் பார்த்துத்தான் சம்பளம் என்று அதில் நேராகச் சொல்லவில்லை. சக ஆசிரியர்களின் மதிப்பீடு, வருகை, ஈடுபாடு என்றெல்லாம் அடுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஒரு மேலதிகாரி 'ஈடுபாட்டை' எந்த முழக்கோலால் அளப்பார்? கடைசியில் கைக்கு எளிதாக அகப்படுவது மார்க் ஷீட்தான். அதே 2020-ல் உலக வங்கி 'ஸ்டார்ஸ்' என்ற திட்டத்துக்கு 50 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, கேரளம் என ஆறு ராஜ்யங்களுக்கு அந்தப் பணம். நிபந்தனை என்ன? முடிவைக் காட்டு, பணத்தை வாங்கு! முதலில் ராஜ்யங்களுக்கு உருப்படிக் கூலி. பிறகு அது பள்ளிக்கூடத்துக்கு இறங்கும். அங்கிருந்து வாத்தியாரின் சட்டைப் பைக்கு வர எத்தனை நாள் ஆகும்?

டீக்கடையில் கேட்ட கோபம்

இந்த விஷயம் எங்கள் காதில் முதலில் பலமாக விழுந்தது ஒரு மாநாட்டில் அல்ல. கல்வராயன் மலையில், கரியாலூரில், ஒரு டீக்கடைப் பெஞ்சில்.

மரவள்ளிக் கிழங்கு போட்டிருக்கும் ஒரு சிறு விவசாயி பேசினார். அவருடைய பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்தைச் சொல்லி, "பாதி நாள் பூட்டுதான் தொங்குது. கீழேயிருந்து பஸ் வந்தா வாத்தியார் வர்றாரு, பஸ் வரலேன்னா இல்லே. சம்பளம் மட்டும் முழுசா போவுது. கெழங்கு எடை போட்டுத்தானே எனக்குக் காசு குடுக்குறான்? அவருக்கும் எடை போட்டுக் குடுங்களேன்!" என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள்.

தோழர்களே, இந்தக் கோபத்தை நாம் பரிகாசம் செய்யக்கூடாது. இது நியாயமான கோபம். தன் பிள்ளை தன்னைப்போல் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் கர்நாடகத்துக் காப்பி எஸ்டேட்டுக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போகக்கூடாது என்று நினைக்கிற ஒரு தகப்பனின் கோபம். ஆசிரியர் சங்கத் தோழர்களும் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். "எங்கள் சம்பளத்தில் கை வைக்காதே" என்று மட்டும் கோஷம் போட்டுவிட்டு, பூட்டிய பள்ளிக்கூடத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால், ஏழைப் பெற்றோர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதற்கு அந்த டீக்கடையே சாட்சி.

ஆனால் அன்று அங்கே இன்னொருவரும் இருந்தார். ஏதோ ஆய்வு வேலையாக மலைக்கு வந்திருந்த ஒரு கனவான். அவர் மெதுவாகச் சிரித்துவிட்டு, "இவர் சொல்வதை ஆராய்ச்சியும் நிரூபித்துவிட்டது. உலகம் முழுக்க ஆதாரம் இருக்கிறது. இணையத்தில் போட்டுப் பாருங்கள்" என்றார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம்.

சுவர் இல்லாத நூலகம், கதவில் பூட்டு

அன்று மலையில் எங்கள் செல்பேசியில் சிக்னல் நிற்கவில்லை. கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து, கல்லூரியில் படிக்கும் ஒரு தோழரின் மகளை உட்கார வைத்துத் தேடினோம். ஆராய்ச்சிக் கட்டுரைகளை லட்சக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும் இணையக் களஞ்சியங்கள் உண்டு. நூலகத்து அலமாரியில் கார்டு தேடுகிற மாதிரி, நமக்கு வேண்டிய சொல்லைத் தட்டினால் அந்தச் சொல் சம்பந்தப்பட்ட கட்டுரைகளின் பட்டியல் வந்து விழும்.

'எரிக்' என்று ஒன்று. அமெரிக்கக் கல்வி இலாகா 1966 முதல் நடத்தி வருவது. கல்வி சம்பந்தமான எழுத்துகளுக்கென்றே உள்ளது. யாரும் காசில்லாமல் தேடலாம். (2025-ல் ட்ரம்ப் சர்க்கார் கல்வி இலாகாவிலேயே கோடாலி வைத்தபோது இதற்கான பணத்தையும் வெட்டினார்கள். ஏழைக்கும் எட்டுகிற பொருள் என்றால் அந்தக் கண்ணுக்குப் பொறுக்குமா?) 'ஜேஸ்டோர்' என்று இன்னொன்று, 1995-ல் தொடங்கியது, பழைய சஞ்சிகைகள் ஏராளம். நம் நாட்டில் 'சோத்கங்கா' என்று, பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சி நூல்களின் களஞ்சியம் இருக்கிறது, காரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின் நூலகம் இருக்கிறது.

அலிபாபா குகைதான். ஆனால் பல அறைகளில் பூட்டு! கட்டுரையின் தலைப்பையும் பத்து வரிச் சுருக்கத்தையும் காட்டுவார்கள். முழுவதும் படிக்க வேண்டுமா? முப்பது டாலர், நாற்பது டாலர் கீழே வை என்பார்கள். ஒரு கட்டுரைக்கு நம் விவசாயத் தொழிலாளி ஒருவரின் பத்து நாள் கூலி!

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அந்தக் கட்டுரையை எழுதிய பேராசிரியருக்குச் சஞ்சிகை ஒரு தம்பிடி கொடுப்பதில்லை. அதைப் படித்துச் சரி பார்க்கும் மற்றப் பேராசிரியர்களுக்கும் கூலி இல்லை. ஆராய்ச்சிக்குப் பணம் பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். விற்கிறவன் மட்டும் தனியார் கம்பெனி! இந்த வியாபாரத்தில் முன்னால் நிற்கும் எல்சவியர் கம்பெனிக்கு, விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் லாபமாகவே நிற்கிறது. எந்த மில் முதலாளிக்கு இந்த லாபம் கிடைக்கிறது? கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. மலைவாழ் மக்கள் வரியும் கட்டி வெட்டி வேலையும் செய்தார்கள். அந்த ஜாகீர் ஒழிந்துவிட்டது. அறிவு உலகத்தில் ஜாகீர் இன்னும் ஒழியவில்லை! இந்தப் பூட்டை எதிர்த்த ஆரோன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், ஜேஸ்டோரிலிருந்து கட்டுரைகளை மொத்தமாக இறக்கினார் என்று 2011-ல் கைது செய்யப்பட்டார். பல வருஷச் சிறை தலைக்கு மேல் தொங்க, 2013 ஜனவரியில் 26-வது வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

2024 நவம்பரில் மத்திய மந்திரி சபை 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று ஒரு திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 வெளியீட்டுக் கம்பெனிகளின் ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகளை, சர்க்கார் உயர்கல்வி நிலையங்களும் ஆராய்ச்சி நிலையங்களும் மூன்று வருஷம் படிக்கலாம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பூட்டை உடைக்கவில்லை. பூட்டுக்காரனுக்கு 6,000 கோடி கொடுத்துச் சாவியை வாடகைக்கு வாங்கியிருக்கிறார்கள். கரியாலூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தன்னைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியைப் படிக்க, அந்த வாடகைச் சாவியிலும் அவருக்குப் பங்கு வைக்கவில்லை.

எப்படியோ, பூட்டில்லாத வழிகளும் உண்டு. பல கட்டுரைகளின் முதல் பிரதியை ஆசிரியர்களே இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கிறது. கிடைத்ததை வைத்துக்கொண்டு நாலு கேள்வி கேட்டோம். பணம் யார் கொடுத்தது? எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை வருஷம்? பரீட்சை வைத்தது யார்? பரிசு நின்ற பிறகு என்ன ஆயிற்று? சுருக்கத்தோடு நின்றுவிட்டால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காது. கனவான்கள் பெரும்பாலும் சுருக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

ஆந்திரத்தில் நடந்தது

அந்தக் கனவான் எந்த ஆராய்ச்சியை மனசில் வைத்துப் பேசினார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நமது அண்டை ராஜ்யமான ஆந்திரத்தில் 2005-ல் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இருவர் நடத்தியது. உலக வங்கி, ஆந்திர சர்க்கார், அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை மூன்றும் கை கோத்தவை. 2011-ல் அமெரிக்காவின் பெரிய பொருளாதாரச் சஞ்சிகை ஒன்றில் வெளியாயிற்று. ஐந்து ஜில்லாக்களில் 500 கிராமப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் ஐந்து கூறாகப் பிரித்தார்கள். நூறு பள்ளியில் தனித்தனி வாத்தியாருக்குப் பரிசு. நூறு பள்ளியில் எல்லா வாத்தியாருக்கும் சேர்த்துப் பரிசு. நூறு பள்ளிக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர். நூறு பள்ளிக்குச் செலவுக்குப் பணம். மீதி நூறு பள்ளிக்கு எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. பிள்ளைகளின் சராசரி மார்க் 5 சதவிகிதத்துக்கு மேல் ஏறினால், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு சதவிகிதத்துக்கும் 500 ரூபாய் பரிசு.

விளைவு என்ன? ஒளிக்காமல் சொல்லுகிறோம்: இரண்டு வருஷத்தில் பரிசுப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறினார்கள். பரிசில் சேராத பாடங்களில்கூடப் பின்தங்கவில்லை, முன்னேறினார்கள். எதிரி கையில் இருக்கும் உண்மையை மறைத்து வாதாடுவது நமது வழக்கம் அல்ல.

ஆனால் மற்றப் பக்கங்களையும் புரட்டுங்கள்.

முதலாவது, ஆந்திரத்தில் யாருடைய சம்பளத்திலும் ஒரு காசு குறைக்கவில்லை. முழுச் சம்பளம், பஞ்சப்படி எல்லாம் அப்படியே இருந்தன. அதற்கு மேல் கொடுத்த பரிசு சராசரியாக வருஷச் சம்பளத்தில் 3 சதவிகிதம். இது தீபாவளி இனாம் மாதிரி. உருப்படிக் கூலி அல்ல. 'மார்க் இல்லையேல் சம்பளம் இல்லை' என்பவர்கள் இந்த ஆராய்ச்சியைச் சாட்சிக்கு அழைக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

இரண்டாவது, கரியாலூர்த் தோழரே, நீங்கள் கவனிக்க வேண்டியது இது: பரிசு கொடுத்தும் வாத்தியார்கள் பள்ளிக்கு வரும் நாள் கூடவில்லை! வந்தவர்கள் கூடுதல் வகுப்பு எடுத்தார்கள், வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், பயிற்சிப் பரீட்சை வைத்தார்கள். வராதவர்கள் வராதவர்களாகவே இருந்தார்கள். பூட்டுத் தொங்குகிறது என்பதல்லவா உங்கள் புகார்? அந்தப் பூட்டை இந்தச் சாவி திறக்கவில்லை.

மூன்றாவது, அங்கே பரீட்சை வைத்துத் திருத்தியது வெளியார். வாத்தியார் கையில் விடைத்தாள் போகவில்லை. ஐந்நூறு பள்ளியில் இது நடக்கும். ஒரு ராஜ்யம் முழுக்க, பல்லாயிரம் பள்ளிகளில், வருஷா வருஷம் இந்தக் காவலை யார் போடுவது?

நாலாவதுதான் நெஞ்சில் குத்துகிற முள். அந்த ஒப்பந்த ஆசிரியர் கூறு இருக்கிறதே, அதிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். இருக்காதா? ஒரு பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஓர் ஆள் வந்தால் வகுப்பில் கூட்டம் குறையும், பிள்ளை முகம் பார்த்துச் சொல்லிக் கொடுக்க முடியும். நாம் படிக்கும் பாடம், 'இன்னும் ஒரு வாத்தியாரைப் போடு' என்பது. ஆனால் அந்த ஒப்பந்த ஆசிரியருக்குக் கொடுத்தது நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. சர்க்கார்கள் படித்துக்கொண்ட பாடம், 'ஐந்தில் ஒரு பங்குக்கு ஆள் கிடைக்கிறான்' என்பது!

நம் வீட்டிலேயே இதற்குச் சாட்சி உண்டு. 2012-ல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்பயிற்சி, தொழிற்கல்வி சொல்லித் தர 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். மாதம் 5,000 ரூபாய். ஒரு கொத்தனாருக்குச் சிற்றாள் போகிறவர் அந்தக் காலத்தில் இதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருப்பார். அதற்குப் பிறகு ஏறிய ஒவ்வொரு ரூபாயும் சென்னையில் தெருவில் உட்கார்ந்து, போலீஸ் வேனில் ஏறி வாங்கியது. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு ஓர் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பின் சேர்ந்தவருக்கு அதைவிடக் குறைந்த இன்னோர் அடிப்படைச் சம்பளம் என்று ஆக்கினார்கள். ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், இரண்டு கூலி! ஒரே தறியில் பகல் ஷிப்டுக்கு ஒரு ரேட், ராத்திரி ஷிப்டுக்கு ஒரு ரேட் என்று எந்த மில்லிலாவது சொல்லிப் பார்க்கட்டும். சம வேலைக்குச் சம சம்பளம் கொடுக்காதவர்கள் 'தகுதிக்குத் தகுந்த சம்பளம்' என்று பேச வருகிறார்கள்.

கடல் தாண்டிப் பார்த்தால்

அமெரிக்காவில் நாஷ்வில் என்ற நகரத்தில் 2006 முதல் மூன்று வருஷம், கணக்கு வாத்தியார்களுக்குப் பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்து 15,000 டாலர் வரை போனஸ் என்று வைத்துப் பார்த்தார்கள். போனஸ் உண்டு என்று சொன்ன வாத்தியாரின் பிள்ளைகளுக்கும் இல்லை என்று சொன்ன வாத்தியாரின் பிள்ளைகளுக்கும் மொத்தத்தில் வித்தியாசமே இல்லை. நியூயார்க்கில் 2007 முதல் ஏறத்தாழ 200 பள்ளிகளில் செய்து பார்த்தார்கள். 5 கோடி டாலருக்கு மேல் செலவு. மார்க் ஏறவில்லை. 2011-ல் இழுத்து மூடினார்கள்.

கென்யாவில் நடந்தது இன்னும் ருசிகரமானது. 2019-ல் நோபல் பரிசு வாங்கிய மைக்கேல் கிரெமரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆராய்ச்சி. ஐம்பது கிராமப் பள்ளிகளில் வாத்தியாருக்குப் பரிசு. அங்கேயும் வாத்தியார் வருகை கூடவில்லை, வீட்டுப்பாடம் கூடவில்லை. கூடியது ஒன்றே ஒன்று: பரீட்சைக்குத் தயார் செய்யும் தனி வகுப்பு. பரிசு சம்பந்தப்பட்ட பரீட்சையில் மார்க் ஏறியது. திட்டம் முடிந்ததும் ஏறியது இறங்கிவிட்டது. ஆற்றில் வெள்ளம் வந்தது, வடிந்தது. வயலில் ஈரம் தங்கவில்லை.

அட்லாண்டா நகரத்துக் கதை ஆராய்ச்சி அல்ல, வழக்கு. மார்க் இலக்கைத் தொட்டால் போனஸ், தொடாவிட்டால் வேலைக்கு ஆபத்து என்று மேலிருந்து நெருக்கினார்கள். வாத்தியார்கள் என்ன செய்தார்கள்? பிள்ளைகளின் தவறான விடையை ரப்பரால் அழித்துச் சரியான விடையை எழுதினார்கள்! 2011-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை 44 பள்ளிகளில் 178 பேரைக் குறித்தது. 2015-ல் பதினொரு பேரைக் கோர்ட்டு குற்றவாளிகள் என்றது. அவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளின் ஆசிரியர்கள். அவர்கள் செய்ததை நாம் நியாயப்படுத்தவில்லை. ஏமாந்தது அந்தக் குழந்தைகள்தான். மார்க் ஷீட்டில் 'தேறினான்' என்று இருந்ததால் தனிப் பயிற்சியும் கிடைக்காமல் போயிற்று.

வெள்ளைக்காரன் காலத்துப் பழைய சரக்கு

இதெல்லாம் புது யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். களஞ்சியத்தில் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால் 1862-க்குப் போய் நிற்கிறோம். இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்ற மந்திரிப் பிரபு கொண்டு வந்த சட்டம். கிரிமியா யுத்தத்தில் பணத்தைக் கரைத்துவிட்டு, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைக் குறைக்க வழி தேடினார்கள். மானியத்தை முடிவைப் பார்த்துக் கொடுப்பது என்று வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். மூன்றும் தேறினால் பிள்ளைக்கு 8 ஷில்லிங். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு! லோ சொன்ன நியாயத்தின் சாரம், இந்த முறையில் படிப்பு நன்றாக இல்லாவிட்டால் செலவாவது குறையும் என்பது. மனசில் இருந்ததை ஒளிக்காமல் சொன்ன அந்த ஒரு விஷயத்தில், இன்றைய கனவான்களைவிட அவர் மேல்.

பிறகு நடந்தது என்ன? வாத்தியார்கள் வாசகப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை நெட்டுருப் போட வைத்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிள்ளைகள் தடையில்லாமல் 'வாசித்தார்கள்'! மானியம் போய்விடக் கூடாதே என்று காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளைப் பரீட்சை நாளில் தூக்கி வந்து உட்கார வைத்தார்கள். சரித்திரம், பூகோளம், பாட்டு எல்லாம் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அதற்கு ஷில்லிங் இல்லையே! அந்தக் காலத்துப் பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்த மாத்யூ அர்னால்டு என்ற புலவரே இதை எதிர்த்து எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளை வதைத்துவிட்டு, 1890-களில் கைவிட்டார்கள்.

அதே சரக்கு 1860-களிலேயே கப்பல் ஏறிச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. 'ரிசல்ட் மானியம்' என்று பேர். நமது திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார், இன்ஸ்பெக்டர் துரை குதிரை வண்டியில் வந்து இறங்கும் நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தார். 1882-ல் அமைத்த ஹண்டர் கமிஷன் இந்த முறையை ஆரம்பப் பள்ளிகளுக்குத் தொடரச் சொன்னது. கல்லூரிகளுக்கு வேண்டாம் என்றது. கவனித்தீர்களா? பணக்காரன் வீட்டுப் பிள்ளை படிக்கும் இடத்துக்கு வேண்டாம். ஏழைப் பிள்ளை படிக்கும் இடத்துக்கு இருக்கட்டும்! கடைசியில் 1904-ல், கர்சன் பிரபுவின் சர்க்காரே கல்விக் கொள்கைத் தீர்மானத்தில் இதற்கு முழுக்குப் போட்டது. கர்சன் யார்? மறு வருஷம் வங்காளத்தை இரண்டாகப் பிளந்தவர். அவருக்கே பிடிக்காமல் போன சரக்கு, உலக வங்கியின் புதுப் பொட்டலத்தில் திரும்பி வருகிறது.

1862-ல் லோ சட்டம் வந்தது. ஐந்து வருஷம் கழித்து, அதே லண்டனில் உட்கார்ந்து எழுதிய மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தை வெளியிட்டார். அதில் உருப்படிக் கூலிக்கென்று தனி அத்தியாயமே உண்டு. முதலாளி பக்கத்தில் நின்று கண்காணிக்கத் தேவையில்லை, கூலியே கங்காணியாக நின்று தொழிலாளியை விரட்டும். தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் போட்டி மூளும். ஒருவன் கூலி ஏறும்போது எல்லோருடைய சராசரிக் கூலியும் இறங்கும் என்று விளக்கியிருக்கிறார். மில்லில் நாம் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். பள்ளிக்கூடத்தில் இது எப்படி வரும்? கெட்டிக்காரப் பிள்ளை என் வகுப்புக்கு, மந்தமான பிள்ளை உன் வகுப்புக்கு என்று வாத்தியார்கள் மோதிக்கொள்வார்கள். மலையில் இறங்கி ஏறி, பாதி வருஷம் எஸ்டேட்டுக்குப் போய்வரும் குடும்பத்துப் பிள்ளையை யார் கேட்பார்கள்?

கரியாலூரில் எதை அளப்பது?

குழந்தை பஞ்சும் அல்ல, கிழங்கும் அல்ல. ஆனாலும் அளக்கத்தான் வேண்டும் என்றால், அளக்கிறவர் முதலில் மலை ஏறி வரட்டும். காப்பி, மிளகு பறிப்புக் காலத்தில் தாய் தகப்பன் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகிறார்கள். வீட்டில் பாட்டி இருந்தால் பிள்ளை நிற்கும். இல்லையென்றால் கூடப் போகும். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும் பிள்ளை வகுப்பில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் முழிக்கும். அந்தப் பிள்ளையின் மார்க் குறைந்தால் அது யார் குற்றம்? வாத்தியாரின் குற்றமா, மலையில் வருஷம் முழுக்க வேலையும் கட்டுப்படியாகும் விலையும் இல்லாமல் செய்தவர்களின் குற்றமா? சாமையும் கடுக்காயும் தேனும் புளியும் இங்கே விளைகின்றன. விலை வைப்பவன் கீழே இருக்கிறான்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உடனே கல்வராயன் மலையைக் கை காட்டினார்கள். கொன்றது மெத்தனால், அது தொழிற்சாலைச் சரக்கு. அதற்குப் பிறகுதான் சென்னை ஐகோர்ட்டு, இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டது. சுதந்திரம் வந்து 77 வருஷம் கழித்துக் கோர்ட்டு கேட்க வேண்டிய கேள்வியா இது? ரோடு போடாத இலாகாவுக்கு எந்தச் செயல்திறன் சம்பளம்? காலி இடத்தை நிரப்பாத அதிகாரிக்கு எவ்வளவு வெட்டு? தராசை மாட்டுவதென்றால் மேலிருந்து மாட்டட்டும். மந்திரிக்கும் செக்ரட்டரிக்கும் முதல் மாதச் சம்பளத்தை நிறுத்திப் பார்க்கட்டும்!

டெல்லி சர்க்கார் இன்னொரு விதத்தில் தராசு பிடிக்கிறது. புதிய கல்விக் கொள்கைக்குள் இழுக்கும் 'பி.எம். ஸ்ரீ' ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று, 2024-25-க்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. மும்மொழியை ஏற்றுக்கொண்டால் பணம், இல்லையேல் இல்லை! 1966-ல் கோத்தாரி கமிஷன் தேசிய வருமானத்தில் 6 சதவிகிதத்தைக் கல்விக்குச் செலவு செய் என்றது. அறுபது வருஷம் ஆகியும் அந்த இலக்கை ஒரு வருஷமாவது தொடாதவர்கள், இலக்கைத் தொடாத வாத்தியாரைத் தேடி வருகிறார்கள்.

வாத்தியார் பாடம் நடத்தும் நேரத்தையும் அவர்களே தின்கிறார்கள். கல்வி மேலாண்மைத் தகவல் முறை என்று ஒன்று. வருகையிலிருந்து பிள்ளையின் ரத்த வகை வரை செல்பேசியில் ஏற்ற வேண்டும். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதோடு மதிப்பீட்டைச் செயலியிலும் ஏற்ற வேண்டும் என்று வைத்தார்கள், வாத்தியார்கள் முறையிட்டார்கள். மக்கள் தொகைக் கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை இழுக்கக் கூடாது என்று 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்லுகிறது. சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறி நிற்பது இதில் எந்த வேலை?

மறுபடியும் கரியாலூர்

கட்டுரைகளின் சாரத்தைத் தமிழில் நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி அந்த டீக்கடைக்குப் போனோம். அந்தக் கிழங்கு விவசாயி முழுவதையும் கேட்டார். ஆந்திரத்தில் பரிசு கொடுத்தும் வாத்தியார் வருகை கூடவில்லை என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். "அப்ப பூட்டு எப்படித்தான் தெறக்கும்?" என்று கேட்டார்.

நாங்கள் சொன்னோம்: அந்த வாத்தியார் தினமும் கீழேயிருந்து வருகிறார். மலையில் அவர் குடியிருக்க ஒரு வீடு இருக்கிறதா? இல்லை. அந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் இடம், எத்தனை காலி? அவருக்குத் தெரியவில்லை, நமக்கும் யாரும் சொல்லவில்லை. வாத்தியார் லீவு போட்டால் மாற்று ஆள் உண்டா? இல்லை. இருந்தும் வராமல் இருக்கிற ஆள் என்றால் அவர் மேல் நடவடிக்கை எடுக்க விதி இல்லையா? இருக்கிறது, எடுக்கிறவர் இல்லை. அதே சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழுவில் யார் யார்? பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒரு பெண் தோழர், "எம் பேரை எழுதிக்கிட்டாங்க. கூட்டம்னு ஒரு தடவை கூப்பிட்டாங்க, கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க" என்றார்.

அன்று அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். ஆசிரியர் இடம் எத்தனை, காலி எத்தனை. மலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் குடியிருப்பு எப்போது. எஸ்டேட்டுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் பறிப்புக் காலத்தில் விடுதியில் தங்க இடம் எத்தனை. ஒப்பந்த ஆசிரியர் இருந்தால் அவருக்கு என்ன சம்பளம். வருகைப் பதிவேட்டை மேலாண்மைக் குழு மாதம் ஒரு முறை பார்க்கத் தடை உண்டா? ஐந்து கேள்விகள். கீழே பதினேழு கையெழுத்து, ஆறு கைநாட்டு. அடுத்த கிராம சபையில் அதிகாரிகள் முன்னால் இதைப் படிக்கப் போவது அந்தப் பெண் தோழர்தான். படித்துப் பழகுவதற்காகத் தாளைத் தன் மகளிடம் கொடுத்து வைத்திருக்கிறார்.